எழுநூறா, எண்ணூறா? பழைய கிட்டார் வாங்குவோர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கிட்டார் பற்றியே. மே மாதம் வந்தால் இப்படித்தான். காட்பாடிப் பக்கம் விடுதியில் தங்கிப் படித்த பையன்கள் ஊருக்குக் கிளம்புகிறார்கள். ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியாத கிட்டாரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். வாங்கியவர்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியில் என் கிட்டார் ரிப்பேர் பட்டறைக்கு வந்து, "சார், ஏமாந்துட்டேனா?" என்று கேட்கிறார்கள். காசைக் கொடுப்பதற்கு முன்னால் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. அப்படிக் கேட்டவர்களுக்கு இங்கே முதல் இடம்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை இரவல் கிட்டார்தான். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தேடியதில் பழைய யமஹா இரண்டு அகப்பட்டன. ஒன்று எஃப்ஜி 700 எஸ், விலை 8,500. இன்னொன்று எஃப்ஜி 800, விலை 11,500. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. தெரிந்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் "புது மாடல்தான் எடுக்கணும்" என்கிறார்கள். மீதிப் பேர் "மரம் பழசாக ஆகத்தான் பேசும்" என்கிறார்கள். நான் எதை எடுக்கட்டும்?
— வாசகர், குடியாத்தம்

பதில்: வணக்கம் சார். மாடலுக்கு மாடல் என்ன வித்தியாசம் என்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். யமஹாவில் எஃப்ஜி வரிசை 1966-ல் வந்தது. ஃபோக் கிட்டார் என்பதன் சுருக்கம் அது. ஐம்பது வருஷம் கழித்து 2016-ல் 700 வரிசையை நிறுத்தி, 800 வரிசையை இறக்கினார்கள். இரண்டிலும் டாப் என்று நாங்கள் சொல்லும் முகப்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தின் முழுப்பலகை, பிளைவுட் கிடையாது. 700-க்குப் பின்னால் நிற்கும் அந்த 'எஸ்', சாலிட் என்று சொல்லத்தான். 800 வரிசையில் எல்லா மாடலுக்கும் முகப்பு முழுப்பலகை என்பதால் அந்த எழுத்து தேவைப்படவில்லை. கம்பியின் நீளமும் இரண்டிலும் ஒன்றுதான், 650 மில்லிமீட்டர்.

வித்தியாசம் வயிற்றுக்குள்ளே இருக்கிறது. முகப்பலகையின் அடியில் தாங்கு கட்டைகள் ஒட்டியிருப்பார்கள். 800-ல் அந்தக் கட்டைகளை இடையிடையே குடைந்து மெலிதாக்கியிருக்கிறார்கள். பலகை கொஞ்சம் தாராளமாக அதிரும், கீழ்ச்சுருதித் தடித்த கம்பிகளில் கனம் கூடும். கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றை அடுத்து ஒன்றாக வாசித்தால் காதுக்குத் தெரியும். தலைக்கு மேல் ஆறு மின்விசிறி ஓட, பக்கத்தில் கீபோர்டும் முப்பது குரலும் சேர்ந்து கீர்த்தனை எடுக்கிற இடத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டும் பெட்டி பிரிக்காத புதுசாக இருந்தால் 800-ஐ எடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன்.

ஆனால் இரண்டும் பழசு. பொய்கைச் சந்தையில் மாடு பிடிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். மாடு எந்த ஊர், என்ன இனம் என்று விற்கிறவர் பாடிக்கொண்டே இருப்பார். வாங்குகிறவர் அதைக் காதில் வாங்காமல் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். கிட்டாருக்கும் ஒரு பல் உண்டு. கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் மரக்கட்டை பிரிட்ஜ். அதன் மேல் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் சேடில்தான் அந்தப் பல். அதைச் சேர்த்து நான்கு அளவுகளை எடுத்து அனுப்பச் சொல்லி உங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் எழுதினேன். நீங்களும் இரண்டு வீட்டுக்கும் இரும்பு ஸ்கேலோடு போய் அளந்து அனுப்பிவிட்டீர்கள். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கழுத்திலிருந்து தொடங்குவோம். கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகத் துண்டுகள்தான் ஃபிரெட். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு விரலாலும் பதினாலாவது ஃபிரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஆறாவது, ஏழாவது ஃபிரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைந்து வெளியே வந்தால் போதும். இரண்டு கிட்டாரிலும் கார்டு சரியாக நுழைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, கழுத்து வில்லாக வளையவில்லை.

அப்புறம் உயரம். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் தலையிலிருந்து தடித்த கம்பியின் அடி வரை. பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் கொஞ்சம் வெறும் இடம் இருக்கும், அளவு தப்பிவிடும், அதனால்தான் ஓரத்திலிருந்தே பூஜ்யம் தொடங்கும் இரும்பு ஸ்கேல் கேட்டேன். 700 எஸ்ஸில் 3 மில்லிமீட்டர். 800-ல் 4. பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தி வாசிப்பதையும் கார்டு என்றுதான் சொல்வோம். அப்படிக் கார்டு பிடித்து வாசிக்கிற கைக்கு இரண்டரை இருந்தால் சுகம். மூன்று வரை சமாளிக்கலாம். நான்கில் எஃப் கார்டு பிடித்து இரண்டு பாட்டு வாசித்தால் விரல் நுனி எரியும்.

இப்போது பல்லுக்கு வருவோம். பிரிட்ஜின் மரத்துக்கு மேலே சேடில் எவ்வளவு தெரிகிறது? 700 எஸ்ஸில் 4 மில்லிமீட்டர் என்கிறீர்கள். 800-ல் ஒன்றரை. உங்கள் கேள்விக்குப் பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது சார்.

கணக்கு எளிது. பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் வருகிறது. அங்கே கம்பியை அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டுமானால் சேடிலை அதுபோல இரண்டு மடங்கு, அதாவது ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். 700 எஸ்ஸில் மூன்றை இரண்டரையாக்க ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் போதும், அதற்குப் பிறகும் மூன்று மில்லிமீட்டர் பல் மிச்சம் இருக்கும். 800-ல் நான்கை இரண்டரையாக்க மூன்று மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இருப்பதே ஒன்றரை. எனக்கு முன்னால் யாரோ ஏற்கெனவே தேய்த்துப் பார்த்து, எல்லைக்கு வந்து நின்றுவிட்டார்கள். கழுத்து வில்லாகவும் வளையவில்லை, சேடிலும் தேய்ந்துபோயிருக்கிறது, இருந்தும் கம்பி உயரத்தில் நிற்கிறது என்றால், கழுத்து உடம்போடு சேரும் கோணமே முன்னால் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை இன்னொரு விதமாகவும் சரிபார்க்கலாம். நீள ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேலே படுக்க வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். 800-ல் அது பிரிட்ஜின் இடுப்பில் போய் முட்டியது என்று படம் அனுப்பியிருந்தீர்கள். சந்தேகமே வேண்டாம்.

ஆறு இரும்புக் கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு சுமார் 70 கிலோ. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அந்தக் கழுத்தில் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிட்டாரும் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயத்தான் செய்யும். ஆனால் தம்பி அண்ணனை விட முன்னாலேயே சாய்ந்ததற்கு நம் ஊர் வெயிலைத்தான் சந்தேகப்படுகிறேன். பிரிட்ஜுக்குப் பின்னால் முகப்பலகை லேசாக உப்பியிருப்பதும் உங்கள் படத்தில் தெரிகிறது. சூட்டில் பசை இளகி, இழுப்புக்கு மரம் இடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். காரின் டிக்கியிலோ மொட்டைமாடி அறையிலோ ஒரு கோடையைக் கழித்த கிட்டாராக இருக்கும்.

இதில் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. பல வருஷம் முன்னால் ஒரு மே மாதம், திருப்பத்தூரில் வாசித்துவிட்டுத் திரும்பி வரும்போது ஆம்பூரில் பிரியாணிக்காக வண்டியை ஓரம் கட்டினோம். சாப்பாடும் பேச்சுமாக ஒன்றரை மணி நேரம். கிட்டார் வெயிலில் நின்ற வேனின் பின்சீட்டில். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் பிரிட்ஜின் பின்விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது, தாளை விட்டால் கால் அங்குலம் உள்ளே போகிறது. ரிப்பேர்காரன் கிட்டாருக்கே இந்தக் கதி. என் மனைவி இன்றைக்கும் அதை "பிரியாணி கிட்டார்" என்றுதான் சொல்வாள்.

கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி, மறுபடி ஒட்டலாம். முடியாத வேலை இல்லை. ஆனால் அதற்கு ஆகிற செலவில் இன்னொரு பழைய கிட்டார் வாங்கிவிடலாம். பல லட்சம் பெறுமானக் கிட்டாருக்குச் செய்கிற வைத்தியம் அது. அதனால் 800-ஐ விட்டுவிடுங்கள். விற்கிறவர் எட்டாயிரத்துக்கு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.

700 எஸ் மட்டும் புத்தம் புதுசா என்றால் இல்லை. முதல் மூன்று ஃபிரெட்டுகளில் மெல்லிய இரண்டு கம்பிகளுக்கு அடியில் குழி விழுந்திருப்பது படத்திலேயே தெரிகிறது. ஜி, சி, டி என்று மூன்று கார்டுகளிலேயே அதன் வாழ்க்கை ஓடியிருக்கிறது. குழி ஆழமில்லை என்றால் அரம் போட்டுச் சமன் செய்துவிடலாம். கம்பி முறுக்கும் சாவி ஒன்றின் காது வளைந்திருப்பது அழகுக் குறை, அவ்வளவுதான். இன்னும் ஒன்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்: கழுத்தின் ஓரத்தில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ரம்பப் பல் மாதிரி ஃபிரெட் முனைகள் குத்தினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. லேசாகக் குத்தினால் பரவாயில்லை, தேய்த்துவிடலாம். ரொம்பக் குத்தினால், முகப்பலகையில் மரத்தின் வரியோடு வரியாக மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் இதுவும் வேண்டாம்.

இல்லையென்றால் ஃபிரெட்டைக் காட்டி 7,500-க்குக் கேளுங்கள். மிச்சமாகும் ஆயிரத்தில் புதுக் கம்பி, எலும்பு சேடில், ஃபிரெட் வேலை எல்லாம் முடிந்துவிடும். மரம் பேசும் என்று சொன்னவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தினம் வாசித்த மரம் கொஞ்சம் இளகிப் பேசும் என்பது என் காதுக்கும் உண்மைதான். பத்து வருஷம் பீரோ மேல் கிடந்த மரம் என்ன பேசும்?

வாங்கிய பிறகு ஒரு சின்ன வேலை இருக்கிறது. முழுப்பலகைக் கிட்டாருக்கு ஈரப்பதம் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து சதவீதம் இருந்தால் உடம்புக்கு நல்லது. குடியாத்தத்து மே மாதத்தில் அதற்கு எங்கே போவது? பழைய பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் இருபது ஓட்டை போடுங்கள். ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து உள்ளே வையுங்கள். டப்பாவைக் கிட்டார் பெட்டிக்குள் தலைப்பக்கம் வைத்து மூடிவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை நனைத்தால் போதும். ஐப்பசி மழை தொடங்கியதும் டப்பாவை எடுத்துவிடுங்கள். அப்போது மரம் தானாகவே ஈரம் குடித்து, பலகை லேசாக எழும்பி, கம்பியும் உயரும். பயந்துபோய் அந்த நேரத்தில் சேடிலைத் தேய்க்க வந்துவிடாதீர்கள். தை மாதம் மறுபடி இறங்கிவிடும்.

கேள்வி: சார், ஆற்காட்டில் ஒருவர் கிப்சன் கிட்டார் ஒன்றை 4,500 ரூபாய்க்குக் கொடுக்கிறார். அவசரமாகப் பணம் தேவையாம். கிப்சன் என்றால் பெரிய கம்பெனி என்று என் நண்பன் துள்ளுகிறான். உடனே முடித்துவிடலாமா?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, தலைப்பகுதியில் இருக்கும் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். நடுவில் இருப்பது 'பி' எழுத்தா, 'வி' எழுத்தா? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது 'வி'யாகத்தான் இருக்கும். கிப்சன் என்பது அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் என்பவர் பெயரில் 1902-ல் கலமசூ என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி. இன்றைக்கு அவர்களுடைய அகூஸ்டிக் கிட்டார்கள் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற ஊரில் தயாராகின்றன. விலை லட்சத்தில் போகும். கிவ்சன் நம் நாட்டுக் கம்பெனி, கல்கத்தாக்காரர்கள். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கிவ்சன் என்றதும் முகம் சுளிக்கவும் வேண்டாம். என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் அதில்தான் கற்றுக்கொண்டோம். முதல் கார்டு பிடித்த விரல் தழும்பு எனக்கு அதில் வந்ததுதான். மேலே குடியாத்தத்துக்காரருக்குச் சொன்ன நான்கு அளவையும் அளந்து பாருங்கள். தேறினால் கிவ்சனுக்கு உரிய பழைய விலையைக் கொடுங்கள். 4,500 அதற்கு ரொம்ப அதிகம். விற்கிறவருக்கு எழுத்து வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம், அதனால் சண்டை போடாமல் பேசுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகளுக்கு 11 வயது. கிட்டார் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். பழைய யமஹா இரண்டு பார்த்தோம். எஃப் 310, விலை 5,000. எஃப்எஸ் 800, விலை 10,000. கடைக்காரர் இரண்டும் ஒரே சைஸ்தான் என்கிறார். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவருக்கு இரண்டாவதை விற்கத்தான் ஆசை. அப்புறம் ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள்: யமஹா என்றால் பைக் கம்பெனிதானே?
— வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, சிரிக்கவில்லை. என் பட்டறையில் வாரத்துக்கு ஒருவர் கேட்கிற கேள்விதான். முதலில் வந்தது இசைக் கருவி, பைக் பிறகு வந்தது. 1887-ல் ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ஆர்கன் பழுதாகிவிட்டது. அதைச் சரி செய்ய வந்தவர் தொராகுசு யமஹா. ரிப்பேர் செய்த கையோடு, இதை நாமே செய்தால் என்ன என்று இறங்கிவிட்டார். மோட்டார் கம்பெனி தனியாகப் பிரிந்தது 1955-ல்தான். ஆர்எக்ஸ் 100 பெட்ரோல் டாங்கில் ஒட்டியிருந்த அந்த வட்டச் சின்னத்தை நினைத்துப் பாருங்கள். அது மூன்று சுருதிக்கவைகள். என் அப்பா லாங் பஜார் பக்கம் உட்கார்ந்து ஆர்மோனியப் பெட்டிக்கு ரீடு மாற்றிக்கொண்டிருந்தவர். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது, "அவனும் பெட்டி ரிப்பேர்காரன்தானா!" என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கம்பியின் நீளம் இரண்டிலும் 634 மில்லிமீட்டர்தான், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் அகலமும் 43 மில்லிமீட்டர்தான். அதனால் இடது கை விரல்களுக்கு இரண்டும் ஒரே எட்டுத்தான். ஆனால் உடம்பு வேறு. எஃப்எஸ் இடுப்பு ஒடுங்கிய சின்ன உடம்பு. எஃப் 310 பெரிய கிட்டார்களின் வடிவம். குழந்தைக்குக் கஷ்டம் வருவது பெரும்பாலும் வலது தோளில், அதை யாரும் கவனிப்பதில்லை.

இன்னொரு வேறுபாடு பலகையில். ஒலித்துளையின் விளிம்பைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். மேலே தெரிகிற மரத்தின் வரி, விளிம்பில் மடங்கி அப்படியே கீழே இறங்கினால் முழுப்பலகை. வரி விளிம்போடு நின்று, அடியில் வேறு நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். எஃப்எஸ் 800 முதல் வகை, எஃப் 310 இரண்டாவது. நாதம் என்று பார்த்தால் எஃப்எஸ் ஒரு படி மேல், மறுக்கவில்லை. ஆனால் பிளைவுட் வெயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் அசராது. சோப்பு டப்பா, ஸ்பாஞ்ச் என்று பதினோரு வயசுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டில் மேல் போட்டுவிட்டு விளையாடப் போய்விடும். என் பேத்தி அதைத்தான் செய்கிறாள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் மகளை உட்கார வைத்து, எஃப் 310-ஐ மடியில் கொடுங்கள். பத்து நிமிஷம் அவள் பாட்டுக்கு வாசிக்கட்டும். "நிமிர்ந்து உட்கார்" என்று நீங்கள் சொல்லக் கூடாது. பின்னால் போய் நின்று தோள்களைப் பாருங்கள். வலது தோள் காதை நோக்கி ஏறாமல் சாதாரணமாக இருந்தால் 310-ஐயே வாங்கிவிடுங்கள். மிச்சப்படும் ஐயாயிரம் ஒரு வருஷ வகுப்புக் கட்டணத்துக்குக் கைகொடுக்கும். பிள்ளை இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டாலும், 310-ஐ வேலூரில் ஒரே வாரத்தில் விற்றுவிடலாம். அவ்வளவு கேட்கிறார்கள் அதை. தோள் ஏறிக்கொண்டே போனால் மட்டும் எஃப்எஸ்ஸுக்குப் போங்கள், அதுவும் ஒன்பதாயிரத்துக்குக் கேட்டுப் பாருங்கள்.

எதை வாங்கினாலும் அதில் இருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு மெல்லிசான 10 கேஜ் கம்பி போடச் சொல்லுங்கள். இழுப்பு குறையும், பிஞ்சு விரல் தாங்கும். வகுப்பில் 12 கேஜ்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், இரண்டு வருஷம் கழித்துப் போடுகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்தது என்று யமஹா சி 40 ஒன்றைப் பழசாக வாங்கினேன். சத்தம் சாதுவாக இருக்கிறது. இரும்புக் கம்பி போட்டால் கணீர் என்று இருக்குமா?
— வாசகர், பேரணாம்பட்டு

பதில்: இரண்டு நாள் கணீர் என்று இருக்கும். அப்புறம் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சி 40 நைலான் கம்பிக்காகச் செய்தது, சுமார் 40 கிலோ இழுப்பைத் தாங்கும் உடம்பு. இரும்பு அதை எழுபதுக்கு இழுக்கும். புது நைலான் செட் ஒன்று போட்டு, இரண்டு நாள் சுருதி இறங்க இறங்க ஏற்றிக்கொண்டே இருங்கள். அந்தச் சாதுவான சத்தம்தான் அதன் குணம். பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டு வேறு வாங்குங்கள். கொல்ல வேண்டாம்.

கேள்வி: அண்ணே, பழைய எஃப் 310 வாங்கி ஒரு மாசம் ஆகிறது. கம்பி உயரமாக இருக்கிறது. டிரஸ் ராடைத் திருகினால் இறங்கும் என்று யூடியூப்பில் காட்டுகிறார்கள். ஆலன் கீயும் வாங்கிவிட்டேன். திருகட்டுமா?
— வாசகர், வாணியம்பாடி

பதில்: கீயைக் கீழே வை தம்பி. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டுதான் டிரஸ் ராடு. அது கழுத்தின் வளைவை நிமிர்த்தத்தான். உயரத்தைக் குறைப்பது சேடிலின் வேலை. வளைவு நிமிரும்போது உயரமும் கொஞ்சம் இறங்குவதால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு பையன் இப்படித் திருகிக்கொண்டே போய், கழுத்து பின்பக்கம் வளைந்து, முதல் ஐந்து ஃபிரெட்டில் எங்கே தொட்டாலும் கரகர என்ற சத்தத்தோடு வந்தான்.

முதலில், மேலே குடியாத்தத்துக்காரருக்குச் சொன்ன விசிட்டிங் கார்டு சோதனையைச் செய். கார்டு இறுக்கமில்லாமல் நுழைந்து, அதற்கு மேல் இடம் இல்லை என்றால் ராடைத் தொடவே வேண்டாம், சேடிலை அளந்துகொண்டு என்னிடமோ, உன் ஊரில் நம்பிக்கையான ஆளிடமோ போ. நாலைந்து கார்டு சேர்த்து வைத்தாலும் தாராளமாக நுழைகிறது என்றால் மட்டும் ராடுக்கு வேலை இருக்கிறது.

திருகுவதற்கு முன்னால் ஒலித்துளைக்குள் டார்ச் அடித்து, கழுத்து வந்து சேரும் இடத்தில் ராடின் தலையைப் பார். அறுகோணக் குழியின் மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கி வட்டமாகிவிட்டதா? மழுங்கியிருந்தால் உனக்கு முன்னால் இருந்தவர் தப்பான அளவுக் கீயைப் போட்டு முறுக்கியிருக்கிறார். அதை நீயும் முறுக்கினால் பிறகு நானும் திருப்ப முடியாது. நன்றாக இருந்தால், சரியான அளவுக் கீயை முழு ஆழத்துக்கு இறக்கி, கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருகு. இறுக்கமாக எதிர்த்தால் நிறுத்திவிடு, பலம் காட்டாதே. கால் சுற்று திரும்பினால் கம்பியைச் சுருதிக்கு ஏற்றிவிட்டு அப்படியே வைத்துவிடு. மரம் உடனே பதில் சொல்லாது. மறுநாள் காலையில் கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அள.